அடைத்த மூக்கும் மிளகு ரசமும்

ஐப்பசியில் தொடங்கி மார்கழிப் பனிக்கு வழிவிட்டு விலகும் வடகிழக்குப் பருவமழை காவிரிப் படுகைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொண்டுவருகிறது; சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கும் அதே வாரங்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வீடுகளில் தும்மலும் இருமலும் தொடங்கிவிடுகின்றன. இந்தியாவின் பல நகரங்களில் இன்ஃபுளுயென்சா காய்ச்சல் தென்மேற்குப் பருவமழையையொட்டி ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் அடைய, சென்னை, வேலூர் போன்ற தமிழக நகரங்களில் அது அக்டோபருக்குப் பிறகே உச்சத்துக்கு வருவதைத் தொடர் கண்காணிப்புகள் காட்டியுள்ளன. சாதாரணச் சளி ஆண்டு முழுவதும் திரிவதுதான் என்றாலும், கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு எல்லாரும் ஒரே கூடத்தில் அடைந்திருக்கும் மழைநாள்கள் அதற்கும் வசதியானவை.

அப்போது அடுக்களையில் நிகழும் மாற்றம் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒரே திசையில் நிகழ்வது வியப்புக்குரியது. காலையில் பழையதும் மோரும் நின்றுபோய் நொய்க்கஞ்சி வருகிறது. மதியத்தில் சாம்பாரின் இடத்தை மிளகு ரசமோ கண்டத்திப்பிலி ரசமோ பிடித்துக்கொள்கிறது. மாலையில் சுக்கு மல்லிக் காப்பியும் இரவில் பனங்கற்கண்டும் மிளகுப்பொடியும் போட்ட பாலும் கிடைக்கின்றன. வயலோரத்துக் குடியிருப்புகளில் நண்டு இடித்த ரசம் கொதிக்கிறது. இவற்றைக் கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் என்று கொண்டாடுவோரும் பாட்டிகளின் நம்பிக்கை என்று தள்ளிவிடுவோரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்: இரு தரப்பும் உணவின் வேலையை வைரஸிடம் தேடுகின்றன. அந்த வேலை நடக்கும் இடம் வேறு. அது நோயாளியின் வாயிலும் மூக்கிலும் முகத்திலும் பரவியிருக்கும் நரம்பு முனைகளில் நடக்கிறது.

வைரஸும் உடலும்

சளியை உண்டாக்கும் வைரஸ்களில் முதலிடம் பெறுவது ரைனோவைரஸ். அதில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளமையால் ஒன்றுக்கு எதிராக உடல் பெற்ற எதிர்ப்பாற்றல் மற்றொன்றைத் தடுப்பதில்லை. தடுப்பூசி இதுவரை வாய்க்காததற்கு இதுவே முதன்மைக் காரணம். உடலின் உள்வெப்பமான 37 பாகை செல்சியஸை விட, மூக்கின் உட்புறத்தில் நிலவும் ஏறத்தாழ 33 பாகையில் இது நன்றாகப் பெருகுகிறது. இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு அருகே 1946 முதல் 1980களின் இறுதி வரை இயங்கிய சளி ஆய்வு நிலையம், தன்னார்வலர்களைத் தங்கவைத்து, அவர்கள் மூக்கில் வைரஸைச் சொட்டுச் சொட்டாக இட்டு ஆராய்ந்தது. சளிக்கான முறிமருந்து அங்கும் அகப்படவில்லை.

அந்த ஆய்வுகளாலும் பின்வந்தவற்றாலும் தெளிவான உண்மை ஒன்று உண்டு: சளியின் தொல்லைகளில் பெரும்பாலானவை வைரஸ் நேரடியாகச் செய்யும் சேதத்தால் வருபவை அல்ல. தொற்றிய செல்கள் விடுக்கும் எச்சரிக்கைக்கு உடல் காட்டும் மறுவினையில் பிராடிகைனின், புராஸ்டகிளாண்டின் முதலிய வேதிப்பொருள்கள் சுரந்து, மூக்கின் இரத்தக் குழாய்களை விரித்து, திசுவை வீங்கவைத்து, வலி நரம்புகளைக் கூர்மையாக்குகின்றன. மூக்கடைப்பு என்பது பெரும்பாலும் வீங்கிய திசுதான். எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விலகாததன் காரணம் அதுவே. இந்த மறுவினை இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு ஏழு முதல் பத்து நாள்களில் தானாகத் தணிகிறது. தொல்லை உச்சத்தில் இருக்கும் நாளில்தான் ரசம் வைக்கப்படுகிறது என்பதையும், மறுநாளிலிருந்து நோய் எப்படியும் இறங்குமுகமாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அடுக்களை மருந்துகளுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு நாள்காட்டிக்குச் சேர வேண்டியது என்பது விளங்கும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ அது ரசத்தின் எல்லையைக் கடந்துவிட்ட நோய். மருத்துவரிடம் போவதே முறை. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளால் வைரஸுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் நினைவிருக்க வேண்டியது.

மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்ற எண்ணத்தை மருத்துவ நூல்கள் நெடுங்காலம் மறுத்துவந்தன. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு அந்த மறுப்பைச் சற்றே அசைத்தது: குளிர்ந்த நீரில் கால்களை வைத்திருந்த 90 பேரில் 13 பேரும், வெறும் தொட்டியில் கால்களை வைத்திருந்த 90 பேரில் 5 பேரும் அடுத்த சில நாள்களில் சளி பிடித்திருப்பதாகக் கூறினர். கால் குளிரும்போது மூக்கின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, ஏற்கெனவே ஒளிந்திருக்கும் தொற்று வெளிப்பட வழி கிடைக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. வைரஸ் இல்லாமல் நனைந்தவருக்குச் சளி வராது என்பது மாறவில்லை. ஆனால், சேற்றில் நாள் முழுவதும் நின்று நாற்று நட்டவர்கள் சொல்லிவந்ததைச் சிரித்து ஒதுக்க இனி இடமில்லை.

ஆவியும் சூடும்

சூடான பானத்தை ஆய்வகத்தில் சோதித்தவற்றுள் இன்றும் பேசப்படுவது 1978இல் அமெரிக்காவின் மயாமி பீச் நகர மருத்துவர்கள் வெளியிட்டது. மூக்கின் உட்பரப்பில் படிந்துள்ள சளிப்படலத்தை நுண்மயிர்கள் இடைவிடாமல் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. படலம் நகரும் வேகமே மூக்கு தன்னைத் தூய்மைசெய்துகொள்ளும் திறனின் அளவு. நலமாக இருந்த 15 பேரிடம் அந்த வேகம் அளக்கப்பட்டது. வெந்நீரை உறிஞ்சிக் குடித்தபின் அது நிமிடத்துக்கு 6.2 மில்லிமீட்டரிலிருந்து 8.4 ஆகவும், கோழி சூப்பைக் குடித்தபின் 6.9இலிருந்து 9.2 ஆகவும் உயர்ந்தது. குளிர்ந்த நீரைக் குடித்தபோதோ 7.3இலிருந்து 4.5 ஆகச் சரிந்தது. சூட்டின் பயன் அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டது. குளிர்நீரின் மந்தம் அப்போதும் நீடித்தது.

அந்த ஆய்வின் நயமான பகுதி உறிஞ்சுகுழலைப் பயன்படுத்தியது. வெந்நீரைக் குழலால் குடித்தவர்களிடம் வேகம் சொல்லத்தக்க அளவு உயரவில்லை. ஆகவே வெந்நீரின் பயனில் பெரும்பங்கு வயிற்றில் இறங்கிய சூட்டினுடையது அல்ல, குடிக்கும்போது மூக்கில் ஏறிய ஆவியினுடையது. வாயகன்ற தம்ளரை இரு கைகளாலும் பிடித்து, முகத்தை அதன்மேல் கவிழ்த்து, ஊதி ஊதி ரசத்தை உறிஞ்சும் வழக்கத்தில் இந்த ஏற்பாடு முழுமையாக இருக்கிறது. கோழி சூப்பைக் குழலால் குடித்தபோதும் வேகம் ஓரளவு உயர்ந்ததால், ஆவிக்கு மேலாகச் சுவையோ மணமோ ஏதோ ஒன்று தன் பங்கைச் செய்வதாக அந்த மருத்துவர்கள் கருதினர்.

2008இல் கார்டிஃப் ஆய்வாளர்கள் சளி பிடித்த 30 பேருக்குப் பழச்சுவைப் பானத்தைச் சூடாகவும் அறைவெப்பத்திலும் கொடுத்து, மூக்கின் காற்றோட்டத்தைக் கருவியால் அளந்தார்கள். எந்தப் பானமும் காற்றோட்டத்தை மாற்றவில்லை. எனினும், சூடாகக் குடித்தவர்கள் மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டைவலி, குளிர் நடுக்கம், சோர்வு ஆகிய எல்லாவற்றிலும் உடனடி ஆறுதல் அடைந்ததாகக் கூறினர். அறைவெப்பப் பானம் முதல் மூன்றுக்கு மட்டுமே உதவியது. கருவி அளந்ததற்கும் மனிதர் உணர்ந்ததற்கும் இடையிலான இந்த இடைவெளிதான் இந்த அத்தியாயத்தின் களம். உணர்வு பொய்யன்று, தொல்லை என்பதே உணர்வு என்னும்போது ஆறுதலும் அங்கேயே அளக்கப்பட வேண்டும். கும்பகோணம் டிகிரி காப்பிக்கும் இந்த நற்சான்று பொருந்தும் என்பதைக் காப்பிப் பிரியர்களுக்காகச் சொல்லிவைக்கலாம். ஆனால் கொதிக்கக் கொதிக்க விழுங்குவது வேறு: 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை வழக்கமாக அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது.

மூன்று விரல்கள், ஒரே கதவு

காரம் என்பது நாவின் சுவை மொட்டுகள் அறியும் சுவையன்று. முகம், மூக்கு, வாய் மூன்றிலும் கிளைபரப்பியுள்ள முக்கிளை நரம்பின் முனைகள் அறியும் சூட்டுணர்வு. அந்த முனைகளில் டிஆர்பிவி1 எனப்படும் புரதக் கதவு இருப்பதை டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் கண்டறிந்தது. 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் படாபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டதற்கு இதுவும் காரணம். ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட சூடு இந்தக் கதவைத் திறக்கிறது. மிளகாயின் கேப்சைசினும் திறக்கிறது. மிளகின் பைப்பரினும் சுக்கு, இஞ்சியின் காரப்பொருள்களும் அவ்வாறே. அமிலம் சேரும்போது கதவு இன்னும் எளிதாக, குறைந்த சூட்டிலேயே திறந்துகொள்கிறது. சூடு, மிளகு, புளி மூன்றும் கூடிய ரசத்தின் ஒரு மிடறு, ஒரே கதவை மூன்று விரல்களால் தள்ளுகிறது. அதன் விளைவாக மூளைக்குப் போகும் செய்தி அனிச்சையாகத் திரும்பிவந்து மூக்கின் சுரப்பிகளைத் திறக்க, நீர் ஒழுகுகிறது; கெட்டிப்பட்ட சளி இளகுகிறது; கண் கலங்கி நெற்றி வியர்க்கிறது. நரம்பின் செய்தியை இடைமறிக்கும் அட்ரோபின் என்னும் மருந்தை மூக்கில் முன்னதாக இட்டால் இந்த ஒழுகல் நின்றுவிடுவது 1989இலேயே காட்டப்பட்டது. ஆகவே இது நரம்பின் வேலைதான் என்பதில் ஐயமில்லை.

இதைவிட முக்கியமானது, மூக்கடைத்தவரின் வாயில் எஞ்சியிருப்பது என்ன என்ற கேள்வி. உணவின் சுவை என்று மக்கள் கருதுவதில் பெரும்பங்கு மணம். மெல்லும்போது எழும் மணப்பொருள்கள் தொண்டையின் பின்வழியாக மூக்கின் உச்சிக்கு ஏறி அங்குள்ள மண நரம்புகளைத் தொடுகின்றன. சளியில் அந்தப் பாதை அடைபட்டவுடன் கத்தரிக்காயும் அவரைக்காயும் ஒன்றாகி, கூட்டும் சாம்பாரும் சப்பென்று போகின்றன. அப்போதும் அடைபடாமல் இருப்பவை நாவின் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, குளூட்டமேட் தரும் ஊட்டச்சுவை ஆகிய ஐந்தும், முக்கிளை நரம்பின் காரமும் சூடுமே. ரசத்தின் கட்டமைப்பை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் பொருத்தம் தெளிவாகிறது: புளியின் டார்டாரிக் அமிலம் புளிப்பைத் தருகிறது, உப்பு தன் வேலையைச் செய்கிறது, துவரம்பருப்புத் தண்ணீரும் தக்காளியும் ஊட்டச்சுவையைச் சேர்க்கின்றன, மிளகும் மிளகாயும் காரத்தைக் கொடுக்கின்றன. மூக்கு இல்லாமலே ருசிக்கத்தக்க உணவு என்று ஒன்றை வரைந்துகாட்டச் சொன்னால் வேதியியலாளர் ஏறக்குறைய ரசத்தைத்தான் வரைவார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் நெய்யில் பொரியும் தாளிப்பு மட்டும் நோயாளியை எட்டுவதில்லை. அது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கானது.

பத்தியச் சாப்பாட்டின் துணைப்பொருள்களும் இதே தர்க்கத்தில் அமைந்தவை. உப்பிட்ட நார்த்தங்காய் உப்பும் புளிப்பும் கசப்புமாக இருக்கிறது. சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் கசப்பும் உப்புமானவை. அங்காயப்பொடியில் சுண்டைக்காய், வேப்பம்பூ இவற்றின் கசப்போடு சுக்கும் மிளகும் கூடுகின்றன. மணத்தை நம்பி நிற்கும் பண்டம் எதுவும் இந்தத் தட்டில் இல்லை. யாரும் திட்டமிட்டு இதை வகுத்திருக்க வேண்டியதில்லை. நோயாளி எதைத் தின்றார், எதை ஒதுக்கினார் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பரிமாறியவர்களின் கவனமே போதுமானது.

மிளகு, திப்பிலி, சுக்கு

இவ்வளவு காரம் பேசும் படுகையில் காரப்பொருள்கள் விளைவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. மிளகும் திப்பிலியும் சுக்கும் மேற்கு மலைகளிலிருந்து வருபவை; பூம்புகாரின் சரக்குகளுள் மிளகு மூட்டைகளும் இருந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது; தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நைவேத்தியப் பொருள்களோடு மிளகும் சீரகமும் கடுகும் புளியும் இடம்பெறுகின்றன. மிளகாய் போர்ச்சுகீசியர் வருகைக்குப் பிறகே இந்தியாவுக்கு வந்தது என்பதால், ராஜராஜன் காலத்துச் சமையலில் காரம் என்றால் அது பெரும்பாலும் மிளகுதான். சளிக்காலத்து அடுக்களை மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டும்போது, ஒருவகையில் அந்தப் பழைய சமையலுக்கே திரும்புகிறது.

மிளகின் எடையில் ஏறத்தாழ 5 முதல் 9 விழுக்காடு பைப்பரின். இது தண்ணீரில் மிக அரிதாகவே கரைகிறது. அறைவெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 40 மில்லிகிராமுக்கு மேல் ஏற்பதில்லை. இரண்டு கிராம் மிளகில் 100 மில்லிகிராமுக்குக் குறையாமல் பைப்பரின் இருக்க, அரை லிட்டர் ரசத்தின் தண்ணீர் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தனக்குள் கரைத்துக்கொள்ளும். சூட்டில் சற்றுக் கூடலாம், அவ்வளவே. மீதி, பொடியோடு பாத்திரத்தின் அடியில் தங்கிவிடுகிறது. ரசத்தின் தெளிவை ஊற்றினால் இதமாகவும் கலக்கி மண்டியோடு ஊற்றினால் சுள்ளென்றும் இருப்பதற்கு விளக்கம் இதுதான். கொழுப்பில் பைப்பரின் நன்றாகக் கரைவதால், மிளகை நெய்யில் வறுத்து அரைப்பதும் கடைசியில் நெய்யில் தாளிப்பதும் காரத்தை ரசமெங்கும் பரப்பும் வழிகள். ரசத்தைக் கொதிக்கவிடாமல் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும் என்ற விதி மணத்தைக் காப்பதற்கானது. பைப்பரின் எளிதில் ஆவியாகாது.

படுகையின் பல வீடுகளில் ரசம் வைப்பதற்கென்றே ஈயச் சொம்பு இருந்தது, சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இது வெள்ளீயத்தால் ஆனது. 232 பாகையில் உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது. தண்ணீர் உள்ளவரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாமல் சொம்பு பிழைக்கிறது. ஆனால் வெள்ளீயத்தோடு காரீயம் கலந்து விற்கப்பட்டால், புளியின் அமிலம் அந்தக் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. சளிக்கு ரசம் வைக்கப்போய் இப்படியொரு கேட்டை விலைக்கு வாங்குவதைவிட, சொம்பின் தூய்மை உறுதியாகாத வீட்டில் எவர்சில்வரே மேல்.

மிளகு ரசத்துக்கு அடுத்த படியில் வைக்கப்படுவது கண்டத்திப்பிலி ரசம். திப்பிலிக் கொடியின் வேரும் தண்டின் அடிப்பகுதியும் கண்டத்திப்பிலி. காய் அரிசித் திப்பிலி. மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடியிலும் காரத்துக்குப் பொறுப்பு பைப்பரினே. கண்டத்திப்பிலியை மிளகு, துவரம்பருப்பு, மிளகாய்வற்றலோடு நெய்யில் வறுத்து அரைத்துப் புளிக்கரைசலில் விட்டு இறக்குவார்கள். மழை பிடிக்கும் நேரத்தில் வரும் தீபாவளியின் லேகியத்திலும் இவையே முன்னிற்கின்றன; சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டத்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் அடங்கிய லேகியச் சாமான் நாட்டு மருந்துக் கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கிறது.

சுக்கு உலர்ந்த இஞ்சி என்பது பாதி உண்மை. பச்சை இஞ்சியின் காரப்பொருள் ஜிஞ்சரால்; உலரும்போதும் சூடேறும்போதும் அதன் மூலக்கூறு ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து ஷோகாலாக மாறுகிறது, ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைவிட இரு மடங்குக்கும் மேல். சுக்கையும் இஞ்சியையும் இருவேறு பொருள்களாக நடத்தும் நாட்டு மருத்துவத்தின் வழக்கத்தை வேதியியல் இந்த இடத்தில் தயக்கமின்றி ஆதரிக்கிறது. சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிட வேண்டும் என்ற கண்டிப்புக்கு அவ்வளவு தெளிவான காரணம் இல்லை. ஒட்டியிருக்கும் மண்ணும், வெளுப்பாகத் தெரிவதற்காகச் சில சரக்குகளில் பூசப்படும் சுண்ணாம்பும் நீங்குவது நன்மைதான். சுக்கோடு கொத்துமல்லி விதையும் கருப்பட்டியும் சேர்ந்த சுக்கு மல்லிக் காப்பியில் காப்பிக்கொட்டை இல்லை. காரமும் சூடும் இனிப்பும் இருக்கின்றன; மூக்கு அடைத்தவருக்கு எட்டுபவையும் அவையே.

நொய்யும் நண்டும்

நோய் கண்டவருக்குப் பசி எடுக்காததும் உடலின் மறுவினைதான். இன்டர்லியூக்கின் எனப்படும் தற்காப்புச் செய்திப்புரதங்கள் மூளையின் பசி மையத்தை அடக்குகின்றன. மெல்லாமல் விழுங்கத்தக்கதும், நீர் மிகுந்ததும், உப்பை ஏற்பதுமான ஓர் உணவு அப்போது தேவைப்படுகிறது. உடைந்த அரிசியான நொய்யில் வெளிப்பரப்பு மிகுதி என்பதால் தண்ணீர் விரைவில் புகுந்து, 60 பாகைக்கு மேல் மாவுச்சத்துத் துகள்கள் ஊதி வெடித்துக் கஞ்சி குழைகிறது. அரவை ஆலையில் மலிவாகக் கழியும் குருணையே நோயாளிக்கு ஏற்றதாக இருப்பது படுகையின் சிக்கனத்துக்கு வசதியாகப் போயிற்று. புழுங்கலரிசி நொய்யானால் கூடுதல் நன்மை உண்டு: நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே ஊடுருவி, தீட்டிய பிறகும் ஓரளவு தங்குகிறது. அவித்தலும் உலர்த்தலும் படுகையில் ஓர் ஆய்வுத்துறையாகவே வளர்ந்தன. தஞ்சாவூரில் இன்று இயங்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நெல் பதப்படுத்தலுக்கான ஆய்வு மையமாகத் தொடங்கியதுதான்.

சம்பா அறுவடைக்குச் சில நாள்கள் முன்பு, நிற்கும் பயிரிலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தூவி, வயலில் எஞ்சிய ஈரத்தில் அவற்றை விளைவித்துக்கொள்வது படுகையின் பழக்கம். பயத்தங்கஞ்சி அந்த வயலின் இரண்டாம் விளைச்சல். கொங்கு நாட்டில் சளிக்கு முதலில் நினைவுக்கு வரும் கொள்ளு ரசத்துக்கு இங்கே அத்தனை செல்வாக்கு இல்லை. நாகூர், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் ஊர்களின் நோன்புக் கஞ்சியில் அரிசியோடு பாசிப்பருப்பு, பூண்டு, இஞ்சி, வெந்தயம் சேர்கின்றன. நாள் முழுவதும் தண்ணீரும் அருந்தாத தொண்டைக்காக அமைந்த அந்தக் கஞ்சி, சளி பிடித்த தொண்டைக்கும் இசைவானதே.

அச்சேறிய சமையல் நூல்கள் மிளகு ரசத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும்போது வயல் நண்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. தஞ்சை மராத்திய அரண்மனையின் சமையல் முறைகள் சரபேந்திர பாகசாஸ்திரமாக சரசுவதி மகாலில் பேணப்பட்டு நூலாகியுள்ளன. வரப்பு வளையில் பிடித்த நண்டை உரலில் இடித்து, சாற்றை வடித்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த கூலித்தொழிலாளர் குடும்பங்களின் முறையை எழுதிவைக்க அரண்மனை இல்லை. வேதியியல் இந்த வேறுபாட்டை அறியாது: நண்டின் தசையிலுள்ள குளூட்டமேட்டும் நியூக்ளியோடைடுகளும் ஒன்றையொன்று தூண்டி ஊட்டச்சுவையைப் பெருக்குவதால், அடைத்த மூக்குக்கு நண்டு ரசம் பருப்பு ரசத்தைவிட அழுத்தமாகவே பேசும். நன்கு கொதிக்கவைப்பது மட்டும் இன்றியமையாதது. அரைவேக்காட்டு நன்னீர் நண்டால் நுரையீரல் தட்டைப்புழு தொற்றி, அந்த இருமல் காசநோயாகத் தவறாகக் கருதப்பட்ட நிகழ்வுகள் மணிப்பூரில் பதிவாகியுள்ளன.

இறைச்சிச் சாறு அழற்சியைத் தணிக்கிறதா என்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ரெனார்ட் சோதித்து 2000இல் வெளியிட்டார். கோழி சூப், நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் அழற்சி இடத்தை நோக்கி விரைவதை ஆய்வுத்தட்டில் மட்டுப்படுத்தியது; கோழி மட்டுமின்றி, அதிலிருந்த காய்கறிகளும் தனித்தனியே அதே விளைவைக் காட்டின. ஆய்வுத்தட்டில் நடப்பது குடித்தவரின் மூக்கில் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதால், இதை வைத்து விளம்பரம் செய்வது அவசரம்.

பாலும் தேனும்

தயிர், மோர், வாழைப்பழம், பால் ஆகியவற்றைக் குளிர்ச்சி என்று விலக்கும் வழக்கத்துள் பால் நேரடியாகச் சோதிக்கப்பட்டுள்ளது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 60 தன்னார்வலர்களுக்கு ரைனோவைரஸைத் தொற்றவைத்து, அவர்கள் குடித்த பாலின் அளவையும் மூக்கிலிருந்து வெளிவந்த சளியின் எடையையும் ஒப்பிட்ட ஆய்வு 1990இல் வெளியானது; இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. பால் குடித்தபின் தொண்டையில் ஏதோ தடித்து நிற்பதாகத் தோன்றுவது, பாலின் கொழுப்புத்துளிகள் எச்சிலோடு கலந்து சற்று நேரம் படிவதால்தான். ஒரே வீட்டில் பகலில் பாலை விலக்கிவிட்டு இரவில் பனங்கற்கண்டுப் பாலைக் கொடுக்கும் முரணுக்கு, சூடு சேர்ந்தால் குளிர்ச்சி போய்விடும் என்ற விடையே வழக்கத்தில் உண்டு. மயாமி ஆய்வின் குளிர்நீர்க் கணக்கு அந்த விடைக்கு ஓரளவு துணைநிற்கிறது.

மஞ்சள் போட்ட பாலில் மிளகைச் சேர்ப்பதைப் பற்றிய 1998ஆம் ஆண்டு ஆய்வு பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது: 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு உயர்ந்தது. மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடும் செய்தி, மிளகில்லாமல் சேர்ந்த அளவு கண்டறியவே அரிதான நுண்ணளவு என்பதும், மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் என்பதால் 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கும் மேல் மஞ்சள் வேண்டும் என்பதும். ஒரு சிட்டிகை மஞ்சள் பாலுக்கு நிறம் கொடுக்கும். அதற்கு மேல் அதன்மீது சுமை ஏற்ற வேண்டாம்.

தேனின் நிலை சற்று வலுவானது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருமலோடு வந்த 105 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், படுக்கப்போகுமுன் தேன் கொடுக்கப்பட்டவர்களின் இரவு இருமல், எதுவும் கொடுக்கப்படாதவர்களுடையதைவிட நன்றாகத் தணிந்தது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவுவதும் கூடாது; தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்டிரிடியம் வித்துகள் அந்தக் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

கஷாயத்தின் கணக்கு

உணவு முடிந்து மருந்து தொடங்கும் எல்லையில் கஷாயம் நிற்கிறது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் பல மரபு மருத்துவர்களைக் கூட்டிப் பயனளித்த முறைகளைத் தமிழ்ச் செய்யுள்களாக எழுதவைத்தார். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் நோய்வாரியாக அச்சாகியுள்ளன. 2020இல் கொரோனா பரவியபோது தமிழக அரசு வழங்கிய கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சுக்கும் திப்பிலியும் கற்பூரவள்ளியும் உண்டு, ஆடாதொடை இலையும் உண்டு.

கற்பூரவள்ளியைத் துவையலாக அரைக்கலாம், பஜ்ஜி போடலாம். வேலியோரத்து ஆடாதொடையை அப்படிச் செய்ய முடியாது, அத்தனை கசப்பு. அந்தக் கசப்பைத் தரும் ஆல்கலாய்டுகளுள் தலையானது வாசிசின். அதன் மூலக்கூற்று அமைப்பை அடியொற்றி 1960களில் செயற்கையாக உருவாக்கப்பட்டது புரோம்ஹெக்சின். அது உடலில் மாறும்போது விளையும் பொருளே ஆம்ப்ராக்சால். மருந்துக்கடைகளில் சளியை இளக்கும் மருந்துகளாக விற்கும் பல சிரப்புகளில் இவற்றுள் ஒன்று இருக்கிறது. ஆம்ப்ராக்சாலைத் தொண்டைவலிக்கான சப்பு மாத்திரையாகவும் செய்கிறார்கள். அந்த மாத்திரை வைரஸைத் தொடுவதில்லை, தொண்டையின் நரம்பு முனைகளிலுள்ள சோடியம் வாயில்களை அடைத்து வலிச்செய்தி மூளைக்குப் போகாமல் நிறுத்துகிறது.